தங்கை மகளின் புதுநன்மைக்குப் போய் வந்தேன்

இந்தப் பயணம் வேண்டாம் என்று மூன்று பேர் சொன்னார்கள். உடன்குடிப் பக்கம் இருக்கும் என் அப்பா தொலைபேசியில் சொன்னார். மதுரையில் எங்கள் சபையின் செயலாளர், ஆராதனை முடிந்து எல்லோரும் வாசலில் நிற்கும்போது சொன்னார். அடுத்த தெருவில் பெந்தெகொஸ்தே ஜெபக்கூட்டம் நடத்தும் தோழி வீட்டுக்கே வந்து, முழங்கால் போட்டு எனக்காக ஜெபித்துவிட்டுச் சொன்னாள். மூன்று பேரும் என் நன்மைக்காகச் சொல்வதாகவே சொன்னார்கள். நான் போனேன். இப்போது பேருந்துக் கட்டணம் உட்பட எல்லாவற்றையும் விவரமாக எழுதுகிறேன். எனக்குத் தெரிந்து, இன்னொரு சபைக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

முதலில் காரணம். என் தங்கை கிருபா பதினைந்து வருடங்களுக்கு முன் சூசையைக் கல்யாணம் செய்துகொண்டாள். சூசை, தூத்துக்குடிக்கும் திருச்செந்தூருக்கும் நடுவில் ஒரு கடற்கரை ஊரில் சொந்த வள்ளத்தில் மீன்பிடிப்பவர். கத்தோலிக்கர். நாங்கள் பனங்காட்டு புராட்டஸ்டண்ட் குடும்பம். அப்பா சபை மூப்பராக இருந்தவர். கல்யாணம் கத்தோலிக்கக் கோயிலில் நடந்தது. எங்கள் வீட்டிலிருந்து ஒருவரும் போகவில்லை. வீட்டில் சொன்ன காரணம் சிலை வணக்கம். சொல்லாத காரணம் சாதி. இப்படி எழுதினால் இன்னும் நாலு பேர் கோபப்படுவார்கள். படட்டும்.

அந்தக் கல்யாணத்துக்குக் கிருபா என்னைக் கூப்பிட்டபோது "யோசித்துச் சொல்கிறேன்" என்றேன். யோசித்து, போகாமல் இருந்துவிட்டேன்.

கிருபா சபை மாறவில்லை. ஆயரின் அனுமதியோடு நடந்த கலப்புத் திருமணம் அது. பிள்ளையைக் கத்தோலிக்கராக வளர்க்கச் சம்மதித்தாள், தான் இருந்த இடத்திலேயே இருந்தாள். ஞாயிறுதோறும் சூசையோடு பூசைக்குப் போவாள். நற்கருணை அப்பம் வாங்க எல்லோரும் எழுந்து குருவிடம் போகும்போது மட்டும் பெஞ்சிலேயே இருப்பாள். கத்தோலிக்கர் அல்லாதவர்களுக்கு அங்கே நற்கருணை கிடையாது. நற்கருணையை அங்கே நன்மை என்பார்கள்; பிள்ளை முதன்முதலாக அதை வாங்கும் நாளைத்தான் 'புதுநன்மை' என்கிறார்கள். கடற்கரை ஊர்களில் அது சின்னக் கல்யாணம் மாதிரி. வெள்ளை உடுப்பு, தலையில் பூமுடி, கையில் மெழுகுவர்த்தி, மதியம் சாப்பாடு.

மார்ச் மாதம் கிருபா பேசினாள். "அக்கா, மே மாசம் ஜெனிக்குப் புதுநன்மை. மத்த பிள்ளையளுக்கு அம்மாவும் அப்பாவும் ரெண்டு பக்கமும் நடந்து வருவாவ. நான் மட்டும் பெஞ்சுல ஒருத்தியா இருக்கணும். நீ வந்து எம் பக்கத்துல உக்காருவியா?"

இந்தத் தடவை யோசிக்கவில்லை. வருகிறேன் என்றேன்.

மே மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை, மதுரை மாட்டுத்தாவணியில் காலை 5.40 பேருந்து. தூத்துக்குடிக்குச் சுமார் நூற்று நாற்பது கிலோமீட்டர். கட்டணம் நூற்று முப்பது ரூபாய். அருப்புக்கோட்டை, எட்டயபுரம் வழியாகப் போகும். வெயில் காலத்தில் ஐந்தரை, ஆறு மணிப் பேருந்தை விட்டுவிடாதீர்கள். எட்டு மணிக்கு மேல் கரிசல் காட்டில் அடிக்கிற காற்று, அடுப்பு வாயிலிருந்து வருகிற மாதிரி வரும். 8.45-க்கு இறங்கினேன். பழைய பேருந்து நிலையத்துக்கு எதிரே இரண்டு இட்லி, ஒரு வடை, காபி. எழுபது ரூபாய். வடை நேற்றையது.

திருச்செந்தூர்ப் பேருந்துக்கு நேரம் இருந்ததால், கடற்கரைச் சாலைப் பக்கம் இருக்கும் பெரிய மாதா கோயிலுக்கு ஆட்டோ பிடித்தேன். அறுபது ரூபாய் கேட்டார், ஐம்பதுக்கு வந்தார். ஓட்டுநருக்கு நாற்பது வயது இருக்கும். நெற்றியில் திருநீறு. கண்ணாடி வழியாக என் கழுத்தைப் பார்த்தார். தாலியில் சிலுவை இருக்கிறது.

"நீங்க ஆர்.சி.யாம்மா, பிராட்டஸ்டண்டா?"

"பிராட்டஸ்டண்ட்."

"ரெண்டும் ஒண்ணுதானம்மா?"

"அப்படிச் சொன்னா ரெண்டு பக்கத்துலயும் அடிக்க வருவாங்க, அண்ணாச்சி."

அவர் சிரித்தார். "எங்க தெருவுல ரெண்டு வகையும் இருக்காவ. பொண்ணு எடுக்கையில வேற வேறங்காவ. தண்ணி வரலன்னு முனிசிபாலிட்டிக்குப் போகையில ஒண்ணாத்தான் போறாவ." இறங்கும்போது, உள்ளே பையை வைத்துவிட்டுக் கண்ணை மூடாதீர்கள் என்று எச்சரித்தார். நானும் உங்களை எச்சரிக்கிறேன்.

நாற்பத்தெட்டு வயதில் முதல் தடவையாக அந்தக் கோயிலுக்குள் போனேன். பிறந்தது இதே மாவட்டம். சின்ன வயதில் துணி எடுக்கத் தூத்துக்குடிக்கு வந்தபோதெல்லாம் அப்பா இந்தத் தெருவைச் சுற்றித்தான் எங்களைக் கூட்டிப் போவார். உள்ளே மெழுகு வாசனை, மல்லிகை, மின்விசிறிச் சத்தம். ஒரு மீன்காரம்மா கூடையை வாசலில் வைத்துவிட்டு வந்து மாதாவிடம் ஏதோ முறையிட்டுக்கொண்டிருந்தார். நான் மாதாவுக்கு முன்னால் முழங்கால் போடவில்லை. போட வேண்டும் என்று தோன்றவில்லை. ஆனால் எனக்குச் சொல்லப்பட்டிருந்த பயம் எதுவும் வரவில்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்து, எங்கள் வழக்கத்துக்கு மாறாக, பையைப் பார்த்தபடி கண்ணை மூடாமலே ஜெபித்தேன். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. வெளியே வந்து கால் கிலோ மக்ரூன் வாங்கிக்கொண்டு பேருந்துக்குப் போனேன்.

திருச்செந்தூர்ச் சாலையில் நகரம் முடிந்ததும் இரண்டு பக்கமும் உப்பளங்கள். காலை பத்தரைக்கு அந்த வெள்ளையைக் கண்ணால் பார்க்க முடியாது; இடப்பக்க ஜன்னல் வேண்டாம். பிறகு தாமிரபரணிப் பாலம், வாழை, வெற்றிலைக் கொடிக்கால், ஒரே பச்சை. விலக்கில் இறங்கி, அங்கிருந்து பகிர்வு ஆட்டோவில் ஆறு கிலோமீட்டர், இருபது ரூபாய். ஊர்ப் பெயரை எழுதவில்லை. கிருபா எழுத வேண்டாம் என்றாள். நீங்கள் போகப் போகும் ஊர் எதுவோ, அதுவாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

சூசை விலக்கிலேயே நின்றிருந்தார். வெயிலில் கறுத்த, அதிகம் பேசாத மனிதர். இளவயதில் சங்கு குளித்ததில் ஒரு காது சரியாகக் கேட்காது. "வாங்க மயினி. பஸ்ல எடம் கெடச்சுதா?" என்று அண்ணி முறை சொல்லி என் பையை வாங்கிக்கொண்டார். பதினைந்து வருடம் நான் வராததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அது எனக்குத் திட்டு வாங்குவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

வீட்டில் முன்னறைச் சுவரில் திரு இருதயப் படம், அதன் கீழ் சிவப்பு விளக்கு, ஜெபமாலை. அதே மரப்பலகையில் வலது ஓரத்தில் கிருபாவின் பைபிள். எங்கள் வீட்டிலிருந்து அவள் எடுத்துக்கொண்டு போன ஒரே பொருள் அது. பக்கத்தில் சூசையின் பைபிள் கொஞ்சம் தடிமனாக இருந்தது. எங்களுடையதில் அறுபத்தாறு புத்தகங்கள், அவர்களுடையதில் எழுபத்து மூன்று. சூசையின் பெயர்கூட இரண்டிலும் வேறு: எங்கள் வாயில் யோசேப்பு, இவர்கள் வாயில் சூசை.

ஜெனிக்கு ஒன்பது வயது. என்னைப் பார்த்ததும் மறுநாளுக்குப் படித்ததையெல்லாம் ஒப்பிக்க ஆரம்பித்தாள். பத்துக் கட்டளைகள் வந்தன. "அஞ்சாவது, கொலை செய்யாதிருப்பாயாக."

நான் பத்து வருடமாக எங்கள் சபைப் பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் ஓய்வுநாள் பள்ளி நடத்துகிறவள். வாய் சும்மா இருக்கவில்லை. "ஆறாவது கண்ணு."

"அஞ்சாவது பெரியம்மா."

"ஆறாவது. நான் பாடமே எடுக்கிறேன்."

"எங்க சிஸ்டரும்தான் பாடம் எடுக்காவ."

குசினியிலிருந்து ஒரு குரல் வந்தது. "எத்தனாவதா இருந்தா என்ன, செய்யாம இருந்தாச் சரி." சூசையின் அக்கா லூர்தம்மாள். அறுபது வயது, தடித்த உருவம், இடுப்பில் சாவிக்கொத்து. ஜெனியின் வெள்ளை உடுப்பைத் தைத்து எடுத்து வந்திருந்தார். ஜெனி சொன்னதும் சரி, நான் சொன்னதும் சரி என்பதைப் பிறகு கிருபா விளக்கினாள். எங்கள் முதல் இரண்டு கட்டளைகளை அவர்கள் ஒன்றாக எண்ணுகிறார்கள். எங்கள் பத்தாவதை இரண்டாகப் பிரிக்கிறார்கள். மொத்தம் பத்துதான்.

சாப்பாட்டுக்கு ஊளி மீன் குழம்பு. லூர்தம்மாள் எனக்கு நடுத்துண்டமாகப் பார்த்து வைத்தார். வைத்துக்கொண்டே கிருபாவிடம் பேசினார்.

"ஏளா கிருபா, நாளைக்குப் பிள்ளைக்கு ஒரு பக்கம் சூசை வருவான், இன்னொரு பக்கம் ஞானத்தாய் வருவா. பேசியாச்சு. நீ ஒன் அக்கா டீச்சர் கூட பெஞ்சுல இரி."

கிருபா தண்ணீர்ச் சொம்பை என் பக்கம் நகர்த்தினாள்.

"பதினஞ்சு வருசமா சொல்லுதேன். ஒரு கையெழுத்து. பங்குச் சாமிகிட்டப் போயி ஒரு கையெழுத்துப் போட்டு எங்க பக்கம் சேந்திருந்தா நாளைக்கு நீ நடப்ப. ஒனக்குப் பிள்ளையவிட வீம்புதான் பெருசு."

"நான் ஞானஸ்நானம் வாங்கின சபை எனக்குப் போதும் மயினி."

"அப்பம் உக்காரு," என்று சொல்லிவிட்டு எனக்கு இன்னொரு துண்டம் வைத்தார். எங்கள் வீட்டில் அப்பா பேசுவதும் இந்த அம்மா பேசுவதும் ஒரே பேச்சுதான் என்று தோன்றியது. நம் பக்கம் வா, இல்லையென்றால் ஓரமாக இரு.

சாயங்காலம் ஐந்தரை மணிக்கு நானும் கிருபாவும் கடற்கரைக்கு நடந்தோம். வீட்டிலிருந்து முந்நூறு மீட்டர். மறுநாள் ஞாயிறு என்பதால் வள்ளங்கள் எல்லாம் கரையில் ஏறியிருந்தன. ஞாயிற்றுக்கிழமை இந்த ஊரில் யாரும் கடலுக்குப் போவதில்லை. எங்கள் ஊரிலும் ஞாயிற்றுக்கிழமை பனை ஏற மாட்டார்கள். ஒரு கவிழ்த்த வள்ளத்தின் நிழலில் உட்கார்ந்தோம். ஏன் மாறவில்லை என்று கேட்டேன். லூர்தம்மாள் மாதிரி கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.

"பூசை பிடிக்காமயா? எனக்குப் பிடிக்கும்க்கா. மணி அடிச்சு எல்லாரும் முழங்கால் போடுவாவல்லா, அப்ப ஒரு அமைதி வரும். நம்ம கோயில்ல அது கெடையாது. நம்ம பாட்டு இங்க கெடையாது. ரெண்டும் எனக்கு வேணும்."

"பிறகு என்ன?"

"நான் மாறிட்டா அப்பா சொன்னது சரின்னு ஆயிரும். 'கல்யாணத்துக்காக வேதத்த வித்துட்டா'ன்னு ஊரெல்லாம் சொன்னாருல்லா. நான் எதையும் விக்கல. இன்னைக்கு நான் மாறினா அது மயினிக்காக மாறினது. திரும்பி நம்ம வீட்டுப் பக்கம் போனா அது அப்பாவுக்காக. எனக்காக எதுவும் இருக்காது."

பிறகு ஒன்று சொன்னாள். கல்யாணத்துக்கு முன் அவளுடைய ஞானஸ்நானச் சான்றிதழைப் பங்குச் சாமி, அதாவது அந்த ஊர்க் குருவானவர், கேட்டு வாங்கிப் பார்த்தாராம். "இது செல்லும்னுட்டாரு. திரும்பத் தண்ணி ஊத்தல." எனக்கு என் பெந்தெகொஸ்தே தோழியின் நினைவு வந்தது. குழந்தையில் வாங்கியது ஞானஸ்நானமே இல்லை, மூழ்கித்தான் வாங்க வேண்டும் என்று ஐந்து வருடமாக என்னிடம் வாதாடுகிறாள். யாரை அந்நியர் என்று எச்சரித்தார்களோ அவர்கள் எங்கள் ஞானஸ்நானத்தை ஏற்றுக்கொள்கிறார்கள், எச்சரித்தவள் ஏற்பதில்லை. இந்தக் கணக்கை எந்தப் பிரசங்கத்திலும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

எழுந்திருக்கும்போது கிருபா சேலையில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டே சொன்னாள். "நாளைக்கு நான் நடக்கப் போறேங்க்கா."

"நற்கருணை வாங்கவா போற?"

"வாங்க மாட்டேன். வாயத் தொறக்க மாட்டேன். அது அவங்க முறை, அதை ஒடைக்க எனக்கு ஆசையில்ல. பிள்ளை கூட நடப்பேன், அவ்வளவுதான். பெத்தவ நான்."

"சாமிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுரலாமே."

"கேட்டா யோசிச்சுச் சொல்லுதேன்பாரு. யோசிச்சா வேண்டாம்னுதான் வரும்."

அவள் என்னைக் குத்திச் சொல்லவில்லை. ஆனாலும் எனக்கு வலித்தது.

ஞாயிறு பூசை ஏழு மணிக்கு. ஆறரைக்கே போய்விடுங்கள், அதற்குப் பிறகு மின்விசிறிக்குக் கீழ் இடம் கிடைக்காது. செருப்பு வெளியே, தலையில் முக்காடு, பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். எங்கள் கிராமத்துக் கோயிலிலும் இதே ஒழுங்குதான். பதினேழு பிள்ளைகள் முன்வரிசையில். கிருபாவும் நானும் மூன்றாவது பெஞ்சில், ஓரத்தில். அதே பெஞ்சின் மறு ஓரத்தில் லூர்தம்மாள். சூசை எதிர்ப்பக்கம், ஞானஸ்நானத்தில் ஜெனியை ஏந்திய ஞானத்தாய் எங்களுக்கு முன்னால்.

பூசை எனக்கு நினைத்ததைவிடப் பழக்கமாக இருந்தது. பாவ அறிக்கை, வசனம், பிரசங்கம், விசுவாசப் பிரமாணம் என்று வரிசை ஏறக்குறைய எங்களுடையது. சொற்கள்தான் வேறு. எங்களுக்குப் பரிசுத்த ஆவி, அவர்களுக்குத் தூய ஆவி. எங்களுக்குப் 'பரமண்டலங்களிலிருக்கிற', அவர்களுக்கு 'விண்ணுலகில் இருக்கிற'. அந்த ஜெபத்தில்தான் மாட்டிக்கொண்டேன். தீமையிலிருந்து விடுவித்தருளும் என்று முடித்து எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். நான் நிறுத்தவில்லை. நாற்பது வருடப் பழக்கம். "ராஜ்யமும் வல்லமையும் மகிமையும்" என்று என் குரல் மட்டும் கோயில் முழுக்கக் கேட்டது.

முன்வரிசைப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். லூர்தம்மாளும் பார்த்தார். காது சுட்டது. அப்போது சாமி தனியாக ஒரு சின்ன ஜெபம் சொன்னார். அது முடிந்ததும் கோயில் முழுவதும் "ஆட்சியும் வல்லமையும் மாட்சியும்" என்று சொன்னது. நான் சொன்ன அதே வரி. நான் ஒரு நிமிடம் முந்திவிட்டேன், அவ்வளவுதான். இந்த முறை அவர்களோடு சேர்ந்து, என் சொற்களிலேயே, சத்தமாகச் சொன்னேன். அடுத்து ஒருவருக்கொருவர் கைகூப்பிச் சமாதானம் சொல்லும் நேரம். லூர்தம்மாள் முன்னும் பின்னும் இருந்தவர்களுக்குச் சொன்னார். எங்கள் பக்கம் திரும்பவில்லை.

பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் இரு பக்கமும் இருவர் போய், மூவரும் வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். பதினோராவதாக ஜெனி. சூசை எழுந்தார். ஞானத்தாய் சேலையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். கிருபா அவரைத் தாண்டிப் போய்த் தோளைத் தொட்டு, "நான் போறேன் அக்கா, நீங்க பின்னால வாங்க" என்றாள். அந்த அம்மா சூசையைப் பார்த்தார். சூசை தலையை ஆட்டி, கிருபாவுக்கு இடம் விட்டு நகர்ந்து நின்றார். மூன்று பேரும் நடந்தார்கள்.

துணைக்கு உட்கார வந்த நான் தனியாக உட்கார்ந்திருந்தேன்.

ஜெனி வாங்கினாள். சூசை வாங்கினார். கிருபா இடது கையை மகளின் தோளில் வைத்து, உதட்டை இறுக்க மூடி நின்றாள். சாமி நற்கருணையைக் கையில் எடுத்துவிட்டார். அவளைப் பார்த்தார். எடுத்ததைத் திரும்பப் பாத்திரத்தில் வைத்தார். பாட்டுக் குழுவில் ஒரு வரி முடிந்து அடுத்த வரி ஆரம்பித்தது. பிறகு கட்டைவிரலால் அவள் நெற்றியில் ஒரு சிலுவை வரைந்து, தலையில் கை வைத்தார். அவள் 'ஆமென்' என்றாள். அந்தச் சொல் இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

பிள்ளைகளுக்குப் பிறகு எல்லோரும் வரிசையில் போக ஆரம்பித்தார்கள். எங்கள் பெஞ்ச் காலியானது. லூர்தம்மாள் எழவில்லை. கால்களை மடக்கி, போகிறவர்களுக்கு வழி விட்டார். பிறகு, பெஞ்சில் நகர்ந்து நகர்ந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நீங்க போகலையா அக்கா?"

"எனக்கும் கெடையாது."

எனக்குப் புரியவில்லை. அவர் பீடத்தைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார். "மொத மாப்பிள்ள விட்டுட்டுப் போயிட்டாரு. எங்கனயோ குடும்பமா இருக்காரு. நான் இப்பம் இருக்கவரு கூட ரிஜிஸ்டர் ஆபீசுல முடிச்சேன். மொதலாமவரு உசுரோட இருக்க வரைக்கும் எனக்கு நன்மை கெடையாது. இருபத்தாறு வருசம் ஆச்சு."

அவர் கையைப் பிடித்தேன். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"ஒந் தங்கச்சிக்கு ஒரு கையெழுத்துப் போதும் டீச்சர். எனக்கு எந்தக் கையெழுத்தும் ஆவாது. அவ போடாம இருக்கதப் பாத்தா எனக்குப் பத்திக்கிட்டு வரும்." பீடத்தின் பக்கம் தலையை அசைத்தார். "இன்னைக்கு நடந்தா பாரு. வாங்காமலே பிள்ளை கூட போயி நிக்கலாம்னு எனக்குத் தோணல. இத்தன வருசத்துல ஒருநாளும் தோணல."

வெளியே வந்ததும் பேச்சு ஆரம்பித்தது. பங்குப் பேரவையில் இருக்கும் ஒருவர் சூசையை ஓரமாக அழைத்து, இது முறையில்லை, நாளைக்கு எல்லோரும் இப்படி ஆரம்பித்தால் என்ன ஆகும் என்றார். சூசை, கேட்காத காதைத்தான் அவர் பக்கம் காட்டிக்கொண்டு நின்றார் என்று நினைக்கிறேன். லூர்தம்மாள் நடுவில் போனார்.

"வாயில வாங்கினாளா?"

"இல்ல, இருந்தாலும்..."

"வாங்கலல்லா. அப்பம் என்ன முறை கெட்டுப் போச்சு? பெத்தவ பிள்ளை கூட நடந்தா. எங்க வீட்டுப் பொம்பள. இன்னும் ஏதாவது கேக்கணுமா?"

அவர் கேட்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் லூர்தம்மாள் கிருபாவிடம், "நடக்கப் போறேன்னு முன்னாலேயே சொல்லியிருந்தா எம் பட்டுச் சேலையக் குடுத்திருப்பேம்லா" என்றார். அவர்களுக்குள் அன்று நடந்த சமாதானம் அவ்வளவுதான். கையெழுத்துப் பேச்சு முடிந்துவிட்டது என்று நான் நம்பவில்லை.

மதியம் விருந்து முடிந்து இரண்டு மணிக்குக் கிளம்பினேன். நேராக மதுரைக்குப் போகவில்லை. திருச்செந்தூர் போய், அங்கிருந்து உடன்குடிப் பேருந்து பிடித்து, அப்பா வீட்டுக்குப் போனேன். கிருபா வீட்டுக்கும் அப்பா வீட்டுக்கும் இருபத்தெட்டு கிலோமீட்டர். ஊர்ப் படக்காரர் அனுப்பிய, சாமி நற்கருணையைக் கையில் எடுத்திருக்கக் கிருபா ஜெனியோடு நிற்கும் படத்தைக் கைப்பேசியில் காட்டினேன். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"வாங்கினாளா?"

"இல்லப்பா."

"சாமி குடுக்க வந்தும் வாங்கலையா?"

"வாங்கல."

"இன்னும் நம்ம பைபிளத்தான் வாசிக்காளா?"

"தினமும்."

அவர் முகத்தில் ஒரு பெருமை வந்ததைப் பார்த்தேன். அதைப் பார்த்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. "அவ உங்களுக்காக வாங்காம இருக்கலப்பா. அதை உங்க கணக்குல எழுதிக்காதிய. பெருமையா இருந்தா நேருல போயி சொல்லுங்க" என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அப்பாவிடம் அப்படிப் பேசினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி உறையில் வைத்தார். இதை எழுதும்போது ஆகஸ்ட் முடிகிறது. அவர் இன்னும் போகவில்லை.

மதுரை திரும்பிய இரண்டாம் வாரம் சபைக் குழுவிலிருந்து கடிதம் வந்தது. நான் முகநூலில் போட்ட கோயில் படத்தை யாரோ குழுவிடம் காட்டியிருக்கிறார்கள். சிலை வணக்கம் உள்ள இடத்தில் ஆராதனையில் பங்கெடுத்ததற்கு எழுத்தில் வருத்தம் தெரிவித்தால், ஓய்வுநாள் பள்ளியைத் தொடரலாம் என்றிருந்தது. எனக்கு வருத்தம் ஒன்று உண்டு, அது பதினைந்து வருடங்களுக்கு முன் ஒரு கல்யாணத்துக்குப் போகாதது என்று பதில் எழுதினேன். வகுப்பை வேறு ஒருவர் எடுக்கிறார். ஞாயிறு ஆராதனைக்கு நான் போவதை நிறுத்தவில்லை. அது என் சபை. என்னை வெளியே அனுப்ப நினைப்பவர்களுக்காக நான் ஏன் விலகிப் போக வேண்டும்?

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். திருச்செந்தூரில் தங்குவதானால் முகூர்த்த நாள், சஷ்டி, வார இறுதி பார்த்து முன்பதிவு செய்யுங்கள். மொத்தச் செலவு எனக்கு ஆயிரத்து இருநூறுக்குள் முடிந்தது, பரிசு தனி. பூசையில் எல்லோரும் நிற்கும்போது நில்லுங்கள்; முழங்கால் போடும்போது மனம் வராவிட்டால் உட்காருங்கள், யாரும் அடிக்க மாட்டார்கள். நற்கருணை கத்தோலிக்கர் அல்லாதவர்களுக்குக் கிடையாது. வாங்கிப் பார்க்கலாமே என்று விளையாட்டாகப் போகாதீர்கள், அது அவர்களுக்கு உயிர். வாங்காமல் ஆசீர்வாதம் மட்டும் கேட்க விரும்பினால் கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு போகிற வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது என்று பிறகு ஒரு குருவானவர் சொன்னார். கிருபாவுக்கும் எனக்கும் அது தெரியாது. நீங்கள் கத்தோலிக்கராக இருந்து எங்கள் பக்கம் வருவதானால், பாட்டுப் புத்தகத்தைப் பக்கத்தில் இருப்பவரிடம் கேளுங்கள், நீளமாகப் பாடுவோம். எங்களிடமும் திருவிருந்துக்கு விதிகள் உண்டு. இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இரண்டு சபையும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஒன்றில்லை. மாதாவிடம் நான் வேண்டப் போவதில்லை; ஜெனி அதை விடப் போவதில்லை. அந்த வித்தியாசத்தோடு ஒரே வீட்டில் சாப்பிடலாம், ஒரே கோயிலில் உட்காரலாம், ஒரு பிள்ளையின் நல்ல நாளுக்கு எல்லோரும் இருக்கலாம். இதற்கு எந்தக் குழுவின் அனுமதியும் தேவையில்லை. யாராவது தடுத்தால் பேருந்து நேரத்தை மட்டும் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். நான் என் தங்கைக்காகப் போனேன். திரும்பவும் போவேன்.